அகூஸ்டிக் கிட்டாரில் இடக்கை அசைவுகள் கற்ற அனுபவம்

ஸ்டீல் தந்தி பூட்டிய அகூஸ்டிக் கிட்டாரில் இடக்கை நுட்பங்களைப் பழகிய காலத்தில் எனக்கு மிகவும் உதவியது, தந்தி எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதை விரல் வழியே அறிந்துகொண்டதுதான். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களைக் கேட்டு ஆசை கொள்பவர்கள் பெரும்பாலும் பென்டிங்கிலிருந்தே, அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்துவதிலிருந்தே, தொடங்க விரும்புகிறார்கள். ஆனால் அகூஸ்டிக்கில் பரவலாகப் பூட்டப்படும் 12 கேஜ் செட்டில் (கேஜ் என்பது தந்தியின் தடிமன் அளவு) மூன்றாம் தந்தியான ஜி, கம்பி சுற்றிய தடித்த தந்தியாகும். எலெக்ட்ரிக்கின் மெல்லிய செட்டுகளில் அதுவே சுற்றில்லாத தந்தியாக இருக்கிறது. ஒரு சுரத்தை இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டு) அளவுக்கு உயர்த்த, தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 26 விழுக்காடு கூட வேண்டும். ஒரு ஃப்ரெட் அளவுக்கு 12 விழுக்காடு போதும்.

ஆகவே என் ஆசிரியர் இரண்டாம் தந்தியில் ஒரு ஃப்ரெட் அளவு பென்டிங்கை மட்டுமே முதலில் கொடுத்தார். எட்டாம் ஃப்ரெட்டை மீட்டிக் காதில் வாங்கி, அதை வாயால் பாடிய பிறகே ஏழாம் ஃப்ரெட்டிலிருந்து தந்தியைத் தள்ள அனுமதிப்பார். மோதிரவிரல் தள்ளும்போது நடுவிரலும் சுட்டுவிரலும் அதே தந்தியில் பின்னால் துணை நிற்க வேண்டும். விசை விரல்நுனியிலிருந்து அல்ல, மணிக்கட்டின் திருப்பத்திலிருந்து வர வேண்டும். மறுபடி மீட்டாமல் இடக்கை விரலைத் தந்தியில் அடித்து மேல் சுரத்தை எழுப்பும் ஹேமர்-ஆனில் வலிமையைவிட வேகம் முக்கியம். அழுத்திய விரலை விடுவித்துக் கீழ்ச்சுரத்தை எழுப்பும் புல்-ஆஃபில் விரலை வெறுமனே தூக்கினால் ஒலி மங்கிவிடும். தரையை நோக்கி லேசாகச் சுண்டி விடுவிக்க வேண்டும்.

எனக்கு உண்மையான மகிழ்ச்சி, தந்தியை அழுத்தியபடியே விரலை நகர்த்தும் ஸ்லைடில்தான் கிடைத்தது, ஏனெனில் நம் இசையின் கமகங்களுக்கு (சுரங்களை அசைத்து இசைக்கும் முறைகளுக்கு) அங்கே வழி திறந்தது. வீணையில் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களை எழுப்பலாம். 12 கேஜ் தந்தியில் அந்த அளவு இழுப்பு கைகூடாது. இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை ஆதார சட்ஜமாக (‘ஸ’) கொண்டால், முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் திறந்த நிலையிலேயே சுருதி தருகின்றன. அப்போது தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’) எட்டாம் ஃப்ரெட்டிலும் மத்திமம் (‘ம’) பத்தாம் ஃப்ரெட்டிலும் அமையும். தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தினால் ராகமே முகம் காட்டாது. அதனால் ஒருமுறை மீட்டி, அந்த ஒலி அடங்குவதற்குள் மத்திமத்தை நோக்கி ஏறி இறங்கும் ஜாருவாக (வழுக்கிச் செல்லும் கமகமாக) அதை வாசிக்கக் கற்றேன். இறங்கும்போது அழுத்தம் சற்றே தளர்ந்தாலும் ஒலி அறுந்துவிடும் என்பதால், ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. அகூஸ்டிக்கில் ஒலி விரைவில் தேய்வதால் மெதுவான அசைவுகள் கடினம். இடையில் எங்கே மறுபடி மீட்டுவது என்பதைப் பாடகர்கள் அசைக்கும் விதத்தைக் கேட்டே தீர்மானிக்கிறேன்.

இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த ஷக்தி குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின் வாசித்த அகூஸ்டிக் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தில் உராயாததால் தந்தியை இழுப்பது அங்கே எளிதாகிறது. சாதாரணக் கிட்டாரை அப்படிச் செதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 11 கேஜ் செட்டுக்கு மாறியதே எனக்குப் போதுமானதாக இருந்தது. கீழ்த்தந்திகளின் கனம் சிறிது குறைந்தாலும், மூன்றாம் தந்தியில் வைப்ரேட்டோ (சுரத்தை நடுங்கவிடும் அசைவு) சோர்வின்றி வருகிறது.