பிறந்தநாள் பார்ட்டி வைத்தவர்கள் வாருங்கள்: மதுரைக் கதைகள்

புதூர், 6 வயது மகளின் அம்மா

அடுத்த மாதம் மகளுக்கு 7 வயது நிறைகிறது. வீட்டில் ஏற்கெனவே பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் ஏசி ஹால் எடுத்தோம். பிள்ளைகள் மட்டும் 38 பேர். மைக் பிடித்த ஒரு தம்பி 'எல்லாரும் கத்துங்க பார்க்கலாம்' என்று அரை மணி நேரம் கத்தினார். பிறந்தநாள்காரி கேக் மேஜைத் துணிக்குள் புகுந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேக்கை நானும் அவள் அப்பாவும்தான் வெட்டினோம். போட்டோவில் எங்கள் கல்யாண நாள் மாதிரி இருக்கிறது.

இதில் ரிட்டர்ன் கிஃப்ட் வேறு ஆறு குறைந்துவிட்டது. அழைத்தது ஒரு பிள்ளையை, கூடவே தம்பி தங்கைகளும் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருஷம் என்ன செய்யலாம்? அறிவுரையைவிட உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

கே.கே. நகர், இரண்டு பையன்களின் அம்மா

ரிட்டர்ன் கிஃப்ட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை சிஸ். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பெரியவன் ஒரு பார்ட்டியிலிருந்து சுற்றினால் விளக்கு எரியும் பம்பரம் ஒன்று வாங்கி வந்தான். இரண்டு நாள் ஆடினான், கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டான். சின்னவனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் இட்லியை வாயில் வைத்தாலே துப்பினான். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்றார் என் அம்மா, நானும் நம்பினேன். பெரியவன்தான் பம்பரத்தை எடுத்து வந்து, "அம்மா, இதுல பேட்டரியைக் காணோம்" என்றான்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் தொண்டைக்குக் கீழே ஒரு வட்டம். காசை விழுங்கியிருக்கிறான் போல என்று என் கணவர் சொன்னார். டாக்டர் ஓரத்தைக் காட்டினார்: காசு என்றால் ஒரே விளிம்பு, இதில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிந்தது. காசு மாதிரி தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரிதான். இரவோடு இரவாக மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். உள்ளே புண்ணாகியிருந்ததால் பல நாள் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். இப்போது நன்றாக இருக்கிறான். அண்ணன் தட்டிலிருந்தும் பிடுங்கிச் சாப்பிடுகிறான்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பேட்டரி உடைந்து மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம், அப்படி இல்லை. உணவுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓட ஆரம்பித்து, அந்த இடத்திலேயே காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரம் போதுமாம். 2032 என்று எழுதியிருக்கும் பேட்டரி 20 மி.மீ. அகலம். சின்னப் பிள்ளை தொண்டையில் சரியாகப் போய்ச் சிக்கும் அளவு. சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, 'காலையில் வெளியே போய்விடும்' என்று காத்திருக்கவும் கூடாது. நேராக எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிதான்.

பார்ட்டி வைத்த அந்த அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஆனால் இப்போது வீட்டுக்குள் வரும் எந்தப் பொம்மையையும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லையென்றால் அது பரண் மேல் போகும்.

வில்லாபுரம், இரட்டையர்களின் அப்பா

நான் பலூனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேலே பறக்கிற கேஸ் பலூன் 50 வாங்கினோம். ஹீலியம் என்று நினைத்தேன். ஹீலியம் விலை அதிகம் என்பதால் சில இடங்களில் ஹைட்ரஜனை அடைத்து விற்பார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மெழுகுவத்தி ஏற்றும்போது ஒரு கொத்து பலூன் சாய்ந்து வந்தது. ஒரு நொடிதான், பந்து மாதிரி தீ. என் மச்சானுக்கு இரண்டு புருவமும் போயிற்று. பிள்ளைகள் தள்ளி நின்றதால் தப்பித்தார்கள். வெள்ளை நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான், டப்பாவிலேயே எளிதில் தீப்பற்றும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மெழுகுவத்தி எரியும்போது முகத்துக்கு நேரே அதை அடிக்க விடாதீர்கள்.

இப்போதெல்லாம் வாயால் ஊதிய பலூன்தான். தாடை வலிக்கும், பரவாயில்லை.

ஆனையூர், 9 வயது மகனின் அப்பா

நாங்கள் போன தடவை பார்ட்டியே வைக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளை இரண்டு காரில் ஏற்றிக்கொண்டு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்தார்கள், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் பிள்ளைகள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். நின்ற இடம் விளையாட்டுப் பொருள்கள் இருந்த இடம். தந்தத்திலும் சுடுமண்ணிலும் செய்த பகடை, ஆட்டக்காய், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லு. "அங்கிள், இதை வச்சு என்ன விளையாடுவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். பாண்டி என்றேன். அப்படி ஒரு பெயரையே அவள் கேட்டதில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டோம், உடைந்த ஓட்டில் சில்லு தேய்த்தோம். வந்தது வினை. என் அம்மா ஒரு விதி சொல்ல, மாமியார் வேறு விதி சொல்ல, கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சா இல்லை ஒரு கட்டம் பின்னால் போகணுமா என்று இருவருக்கும் பெரிய வழக்கு. கடைசியில் மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நொண்டியடித்தே காட்டினார்! 64 வயது. பிள்ளைகள் கேக்கை மறந்துவிட்டார்கள். அப்புறம் திண்ணையில் தாயம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து உருட்டினார்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் ஒருத்தன் கால் மணி நேரம் அழாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

செலவு? பெட்ரோல், டிக்கெட், கேக், எல்லாருக்கும் பரோட்டா. ஆனால் பரோட்டாக் கடையில் எட்டுப் பிள்ளைகளைச் சமாளிப்பது லேசு இல்லை, கூட இன்னொரு பெரியவர் வேண்டும்.

தல்லாகுளம், இரண்டு பெண்களின் அம்மா

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது சார், ஆனால் எட்டுப் பேரை மட்டும் எப்படி அழைப்பது? நாங்கள் நாற்பது வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். திருப்பிச் செய்யாவிட்டால் மாமியாருக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது. ரிட்டர்ன் கிஃப்டும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, பெரியவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுப்பதில்லையா? பேட்டரி இல்லாததாகப் பார்த்து வாங்குவோம், அவ்வளவுதான். நான் ஒருமுறை புதுமையாகச் செய்கிறேன் என்று செம்பருத்திக் கன்று கொடுத்தேன். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருப்பவர் எங்கள் வீட்டுத் தொட்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அதற்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

நத்தம் சாலைப் பக்கம், 5 வயது மகனின் அம்மா

பார்ட்டி இல்லாத ஒரு விஷயம். கூட்டமும் சத்தமும் பிடிக்காத பிள்ளை என்றால் பிறந்தநாள் காலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. என் மகன் அங்கே தரையில் படுத்துக்கொண்டு டைனோசர் படம் பார்ப்பான். அபாகஸ் வகுப்புக்கு அனுப்பியபோது அழுத அழுகையில் கால்வாசி அழுகைகூட இல்லை.

புதூர், 6 வயது மகளின் அம்மா

எல்லாருக்கும் நன்றி. கே.கே. நகர் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுந்து போய்ப் பொம்மைக் கூடையைக் கவிழ்த்தேன். ஸ்க்ரூ இல்லாதவை நான்கு.

மகளிடம் பாண்டி, தாயம் பற்றிச் சொன்னேன். பத்துத் தோழிகள் போதும், மைக் வேண்டாம் என்றாள். மொட்டை மாடி என்று முடிவு செய்து சந்தோஷமாக இருந்தேன். நேற்றுப் பார்த்தால் மாமனார் எங்களுக்குச் சொல்லாமலே மண்டபத்துக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கும் தல்லாகுளம் மேடம் சொன்ன அதே காரணம்தான்.

சரி, சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மைக் கிடையாது என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். மண்டபத்துக்குப் போன் செய்து ஒரு ஓரத்தில் சாக்பீஸால் கட்டம் போடலாமா என்று கேட்டேன். அங்கே வெள்ளை டைல்ஸாம். "அழியுமாம்மா?" என்று கேட்கிறார்கள். அழியும்தானே? யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?