பழைய ஐபாட் வீடியோவில் ராக்பாக்ஸ் போடலாமா? (30 ஜிபி, 5ஆம் தலைமுறை)

கதிர்_மேலூர்:

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா வைத்திருந்த ஐபாட் வீடியோ ஒன்று இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பேட்டரி புதிதாக மாற்றியாகிவிட்டது. சக்கரம், ஹோல்ட் சுவிட்ச், ஹெட்போன் ஜாக் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் என்னிடம் இருப்பது லினக்ஸ் லேப்டாப், சேர்த்து வைத்திருக்கும் பாட்டெல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை). ஐபாடில் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் லினக்ஸுக்குக் கிடையாது, இந்த ஐபாட் ஃப்ளாக்கைத் தொடவே தொடாது. ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ஐபாடில் ஓடும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் இரண்டுக்கும் வழி பிறக்கும் என்கிறார்கள். போடும்போது நடுவில் ஏதாவது ஆகி ஐபாட் ஒரேயடியாகப் படுத்துவிடுமா? பிடிக்கவில்லை என்றால் ஆப்பிள் மெனுவுக்குத் திரும்ப முடியுமா? சித்தப்பா ஏற்றி வைத்த பாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன, அவை அழியக் கூடாது. பேட்டரி சீக்கிரம் தீரும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா?

இரும்புப்பெட்டி:

தாராளமாகப் போடுங்கள் கதிர். ராக்பாக்ஸ் நேற்று முளைத்தது இல்லை. 2001இல் ஆர்க்கோஸ் நிறுவனத்தின் எம்பி3 பிளேயருக்காக சுவீடனில் தொடங்கினார்கள். கர்ல் என்ற டவுன்லோடு கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்கும் ஆரம்ப காலத்திலேயே அதில் இருந்தவர். இத்தனை வருடங்களில் ஐபாட் வீடியோவில் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம்.

பயப்பட வேண்டாம் என்று சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. இந்த ஐபாடின் ஹார்ட் டிஸ்க் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கும். ஒன்று சின்னது, ஆப்பிளின் ஃபர்ம்வேர், அதாவது ஐபாடை இயக்கும் மென்பொருள், அதில்தான் இருக்கிறது. மற்றது பாட்டுகள் இருக்கும் பெரிய பகுதி. ஆன் செய்ததும் ஓடி ராக்பாக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் மட்டும் சின்னப் பகுதிக்குள் போய் உட்காரும், அதுவும் ஆப்பிள் ஃபர்ம்வேரை அழிக்காமல். மற்றதெல்லாம் பெரிய பகுதியில் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஐபாடை வெறும் டிஸ்காகக் கம்ப்யூட்டருக்குக் காட்டும் டிஸ்க் மோட் என்பது டிஸ்கில் இல்லை, போர்டில் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. அதனால் டிஸ்கில் இருப்பதெல்லாம் குழம்பிப்போனாலும் மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து ஆப்பிள் சின்னம் வரும்வரை அழுத்தி, வந்த உடனே நடுப் பட்டன், பிளே இரண்டையும் பிடித்தால் டிஸ்க் மோடுக்கு வந்துவிடும். அங்கிருந்து ஐட்யூன்ஸ் உள்ள ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்துகொள்ளலாம், என்ன, அப்போது பாட்டுகள் போய்விடும்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. செட்டிங்ஸில் அபவுட் போய்க் கடைசி வரியைப் பாருங்கள். ஃபார்மேட் விண்டோஸ் என்று இருந்தால் அது ஃபேட்32 என்ற டிஸ்க் அமைப்பு, பிரச்சினை இல்லை. அந்த வரியே இல்லை என்றால் மேக்கில் ஃபார்மேட் ஆனது, அதில் ராக்பாக்ஸ் ஓடாது. மாற்றத்தான் வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். எதுவாக இருந்தாலும் சித்தப்பாவின் பாட்டுகளை முதலில் லேப்டாப்புக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐபாட் கண்ட்ரோல் என்று ஒரு மறைவான ஃபோல்டர் இருக்கும், அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் போகும். கோப்புகளுக்கு நாலு எழுத்தில் அர்த்தமே இல்லாத பெயர்கள்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் டேகில் பத்திரமாக இருக்கின்றன. ராக்பாக்ஸில் டேட்டாபேஸை ஒருமுறை உருவாக்கிவிட்டால் அந்த டேக்கைப் படித்து ஒழுங்காகக் காட்டும். பூட்டுப் போட்டு விற்ற பழைய ஐட்யூன்ஸ் பாட்டுகள் மட்டும் ஓடாது.

ராக்பாக்ஸ் யுட்டிலிட்டி என்று ஒரு நிறுவும் கருவி இருக்கிறது, லினக்ஸுக்கும் உண்டு. பூட்லோடர் எழுத ரூட் (நிர்வாகி) அனுமதி கேட்கும், கொடுங்கள். எழுதும் முன் ஃபர்ம்வேர் பகுதியை பேக்கப் எடுக்கும் வழியும் இருக்கிறது, சின்னக் கோப்புதான், எடுத்து ஐபாடில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். ஆப்பிள் மெனு வேண்டும் என்கிறபோது ஐபாடை அணைத்துத் திரும்ப ஆன் செய்த உடனே ஹோல்ட் சுவிட்சைத் தள்ளுங்கள், பழையது வந்து நிற்கும்.

சால்டரிங்_சங்கர்:

பேட்டரி விஷயத்தை நான் சொல்கிறேன். பேட்டரியைத் தின்பதில் முக்கியமானது டிஸ்க் சுற்றுவது. ராக்பாக்ஸ் பாட்டை ராமில் நிரப்பிக்கொண்டு டிஸ்கை நிறுத்திவிடும், ராம் காலியாகும்போதுதான் மறுபடி சுற்றும். 30 ஜிபி ஐபாடில் ராம் 32 எம்பி, 60, 80 ஜிபி மாடல்களில் 64. அந்த 32லும் ஒரு பங்கு ராக்பாக்ஸுக்கே போய்விடும். ஐந்து நிமிட ஃப்ளாக் பாட்டு ஒன்று சாதாரணமாக 30 எம்பி வரும். அப்படியானால் கிட்டத்தட்ட பாட்டுக்கு ஒருமுறை டிஸ்க் எழுந்து சுற்ற வேண்டியிருக்கிறது. அதே பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 5 எம்பிகூட இல்லை, ஒரு சுற்றில் நாலைந்து பாட்டு உள்ளே வந்துவிடும். அந்த நபர் சொன்னது பொய் இல்லை, ஆனால் இங்கே பழியை ராக்பாக்ஸைவிட ஃப்ளாக்கின் மேல்தான் போட வேண்டும். ஈக்வலைசர், கிராஸ்ஃபீட் போன்ற ஒலி மாற்றும் வசதிகளைப் போட்டால் பிராசசர் வேலை கூடும், அதற்கும் பேட்டரி போகும்.

அதனால் என் யோசனை, ஃப்ளாக்கை வீட்டில் வைத்துக்கொண்டு ஐபாடுக்கு ஆக் வோர்பிஸ் என்ற சின்னக் கோப்பு வகையாக மாற்றி ஏற்றுங்கள். பஸ்ஸில், நடைபாதையில் கேட்கும்போது வித்தியாசம் தெரியாது. இல்லை, ஃப்ளாக்தான் வேண்டும் என்றால் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் போடலாம். சுற்றுகிற பொருளே இல்லை என்றால் மேலே சொன்ன கணக்கே வேறு, கீழே விழுந்தாலும் பயமில்லை. கழற்றும்போது ஹெட்போன் ஜாக்குக்கும் பேட்டரிக்கும் போர்டிலிருந்து போகும் ரிப்பன்கள் பின்மூடியோடு ஒட்டியிருக்கும், மூடியை வெடுக்கென்று இழுத்தால் கிழியும், மெதுவாகத் திறந்து ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.

கதிர்_மேலூர்:

மிக்க நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஃபார்மேட் விண்டோஸ் என்றுதான் காட்டுகிறது, பாட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும், என்னுடைய டேக் பாதி தமிழில் இருக்கிறது, அது தெரியுமா?

பைரவி_வகுப்பு:

தமிழ் எழுத்து உள்ள ஃபாண்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் வரும், ஆனால் ஒழுங்காகச் சேராது. 'கெ' என்று இருந்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ராகம் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலைமைதான். நான் ஐபாடுக்கு ஏற்றும் பிரதியில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு அது வருத்தம்தான், யாராவது இதைச் சரிசெய்தால் அவர்களுக்குக் கோடி நன்றி சொல்வேன்.

ஆனால் பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ராக்பாக்ஸில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் டைம்ஸ்ட்ரெட்ச்சை ஆன் செய்து ஐபாடை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதற்குப் பிறகு பாட்டு ஓடும்போது நடுப் பட்டனை நீளமாக அழுத்தி வரும் மெனுவில் பிட்ச் என்று இருக்கும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம், வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கலாம். பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடியதை என் ஐந்து கட்டைக்குக் கொண்டுவருவதெல்லாம் ரொம்ப தூரம், குரல் கெட்டுப்போகும், ஆனால் ஒரு கட்டை முன்னே பின்னே தாராளமாக நகர்த்தலாம். பாடகர் அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரத்தை முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டால் எந்த இடத்தில் எடுப்புக்கு, அதாவது பாட்டு வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேர்கிறார் என்பது தெளிவாகக் காதில் விழும். கச்சேரியை ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என்று துண்டாக்கி வைத்திருந்தாலும் ஃப்ளாக்கில் நடுவில் வெட்டு விழாமல் தொடர்ந்து ஓடும்.

செவிவழி:

எனக்குக் கண் தெரியாது, நான் ராக்பாக்ஸ் பயன்படுத்துவதற்கு அது ஒன்றே காரணம். இந்த ஐபாடின் சொந்த மெனு பேசாது. ராக்பாக்ஸில் குரல் கோப்பையும் சேர்த்து நிறுவிவிட்டால் ஒவ்வொரு மெனு வரியையும் வாசித்துச் சொல்லும். திரையே உடைந்துபோன ஐபாடைக்கூட இப்படிப் பயன்படுத்தலாம். கதிர், உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது கேட்பதாக இருந்தால் அவர்களுக்கும் இது உதவும். ஃபோல்டர் பெயர்களுக்கு யுட்டிலிட்டியில் டாக் கோப்பு (பெயரை வாசித்துச் சொல்லும் ஒலிக் கோப்பு) உருவாக்கும் பகுதி இருக்கிறது. எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக்கைத் தேர்ந்தெடுத்து மொழியைத் தமிழாக வைத்தால் தமிழ்ப் பெயர் உள்ள ஃபோல்டரைத் தமிழிலேயே சொல்லும், கொஞ்சம் இயந்திரக் குரல்தான், ஆனால் புரியும். புதிய ஃபோல்டர் சேர்க்கும்போதெல்லாம் அதை மறுபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தாகவோ எண்ணாகவோதான் சொல்லும்.