ஏர் ரைபிள் தினமும் வேறு வேறு இடத்தில் அடிக்கிறது: குழல் வளைந்ததா, கீல் தளர்ந்ததா?

காட்பாடி மாணவன்
வணக்கம். என்னிடம் இருப்பது நடுவில் மடக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிள், 0.177 அங்குல அளவு. வீட்டுப் பின்புறம் மணல் மூட்டை அடுக்கி 10 மீட்டரில் பயிற்சி செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் குறிபார்க்க டெலஸ்கோப் பொருத்தினேன். அதிலிருந்து நிம்மதி இல்லை. நேற்று ஐந்து குண்டுகளும் 12 மி.மீ. வலப்பக்கம் விழுந்தன, இன்று காலை 5 மி.மீ. வலம். டெலஸ்கோப்பின் குமிழைத் திருகிச் சரிசெய்தால் மறுநாள் வேறிடத்தில் விழுகிறது. சென்ற மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து உறையோடு ஒருமுறை கீழே விழுந்தது. என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி லேத்
விழுந்தது என்று நீயே சொல்லிவிட்டாய், தம்பி. குழல் வளைந்திருக்கிறது. 25 ஆண்டுகளாக ஷாஃப்ட் நிமிர்த்துகிறவன் சொல்கிறேன். வி வடிவப் பள்ளமுள்ள வி பிளாக்கில் வைத்துச் சுழற்றினால், கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிமிர்த்தலாம். அரை நாள் வேலை, எடுத்து வா.

கோட்டைப் பக்கத்துப் பயிற்சியாளர்
ஐயா, உங்கள் தொழிலறிவை மதிக்கிறேன். ஆனால் இதில் பிரஸ்ஸைத் தொட வேண்டாம். வளைந்த குழல் நேற்றும் இன்றும் ஒரே அளவுதான் தப்பும். குறி அட்டையில் பட்ட இடத்தைப் பாருங்கள்: நேற்று 12, இன்று 5. எதோ ஒன்று தளர்ந்து ஆடுகிறது. இந்த வகை ரைபிளில் குழல் வளைவதற்கு வழக்கமான காரணம் வேறு. திறந்த நிலையில் விசை அழுந்திவிட்டால் குழல் படாரென்று மூடிக்கொண்டு மேல்நோக்கி வளையும். அப்போது குண்டு உயரத்தில் போகும். இவருக்கோ வலப்பக்கம் போகிறது.

சத்துவாச்சாரி லேத்
கீழே விழுந்த குழல் பக்கவாட்டில் வளையாதா? மெல்லிய குழாயை ஒரு தட்டுத் தட்டினால் எப்படிக் கோணும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

கோட்டைப் பக்கத்துப் பயிற்சியாளர்
வளையும், மறுக்கவில்லை. வளைந்திருந்தால் ஐந்து குண்டுகளும் நெருக்கமாக, என்றும் ஒரே இடத்தில் விழும். அதைக் குமிழால் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே இடமே மாறுகிறது.

ராணிப்பேட்டை வாசகர்
டெலஸ்கோப்பை ரைபிளோடு இறுக்கும் பிடியை முதலில் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது முதலில் பின்னால் தள்ளி, உடனே முன்னால் இழுக்கும். அந்த இரட்டை உதறலில் பிடி வழுக்கி நகர்ந்துவிடும். தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்கின் முன் ஸ்க்ரூக்களும் அப்படித்தான் கழன்று தளரும்.

காட்பாடி மாணவன்
அக்காவின் நகப்பூச்சால் பிடியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இருபது குண்டு சுட்டேன். கோடு விலகவில்லை. ஸ்டாக் ஸ்க்ரூ இரண்டும் கால் சுற்று இறங்கின. ஆனாலும் இடம் மாறுவது நிற்கவில்லை.

கோட்டைப் பக்கத்துப் பயிற்சியாளர்
அப்படியானால் குழல் மடங்கும் கீலைப் பாருங்கள். குண்டு போடாமல், ரைபிள் மூடிய நிலையில் ஸ்பிரிங் இருக்கும் சிலிண்டரை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறுகையால் குழலின் நுனியை இடமும் வலமும் தள்ளுங்கள். கட்டைவிரலை மூட்டின் இடைவெளியில் வைத்திருங்கள். ‘டக்’ என்று ஒரு சின்ன அசைவு படுகிறதா?

உங்கள் டெலஸ்கோப் சிலிண்டரில் உட்கார்ந்திருக்கிறது, குழலோ கீலில் தொங்குகிறது. 40 செ.மீ. குழலின் நுனி 0.1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் 2.5 மி.மீ. தப்பும். போட்டி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதே 2.5 மி.மீ.தான். நடுப்புள்ளியே 0.5 மி.மீ. அளவு!

இன்னொரு சோதனை: டெலஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ரைபிளோடு வந்த, குறிபார்க்கும் சைட்டில் சுடுங்கள். பல ரைபிள்களில் முன் சைட்டும் பின் சைட்டும் குழலோடு சேர்ந்தே அசையும். உங்களுடையதும் அப்படியென்றால், கீல் ஆடினாலும் குறி ஆடாது.

காட்பாடி மாணவன்
அசைவு தெளிவாகப் படுகிறது. இரண்டு சைட்டும் குழலில்தான் இருக்கின்றன. அதில் பத்துக் குண்டு சுட்டேன். எல்லாம் ஓர் ஐம்பது பைசா நாணயத்துக்குள் அடங்கின; நடுவிலிருந்து 3 மி.மீ. வலம்.

சத்துவாச்சாரி லேத்
சரி, அந்த ஆட்டம் கீலில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். கீலின் பிவட் போல்ட்டை மட்டும் முறுக்கித் தீர்க்கப் பார்க்காதே. அதிகம் முறுக்கினால் மடக்கும்போது உலோகம் உலோகத்தைத் தின்னும். பக்கவாட்டு வாஷர் தேய்ந்திருக்கும். ஸ்பிரிங் ரைபிளைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்று. வாஷரை மட்டும் கொண்டு வா. மைக்ரோமீட்டரில் அளந்து, பித்தளையில் இரண்டு கடைந்து தருகிறேன். மீதி 3 மி.மீ. வலம் வளைவுதான், அதில் மாற்றமில்லை.

கோட்டைப் பக்கத்துப் பயிற்சியாளர்
இருக்கட்டும் ஐயா. 3 மி.மீ.க்காகக் குழலைப் பிரஸ்ஸில் வைப்பது பிழை. பின் சைட்டை இடப்பக்கம் நகர்த்தினால் முடிந்தது.

காட்பாடி மாணவன்
பழைய வாஷர் ஒருபக்கம் 0.8, மறுபக்கம் 0.6 மி.மீ. இருந்தது. புதியது இரண்டும் 0.8. மசகு தடவிப் பூட்டியபின் குழல் நுனி அசையவில்லை. டெலஸ்கோப்பை மீண்டும் ஏற்றி மூன்று நாள் சுட்டேன். மூன்று அட்டைகளிலும் 3 மி.மீ. வலத்திலேயே விழுந்தது. குமிழை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். குழலைத் தொடவில்லை. லேத் அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.