பெனிடோர்ம்: கடலோரத்தைக் கெடுத்த ஊரா, காப்பாற்றிய ஊரா?

மாடிப்படி:
ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தேக்கு வடக்கே இருக்கும் பெனிடோர்மின் படத்தை யார் போட்டாலும் முதல் கருத்து "கான்கிரீட் காடு" என்றுதான் வருகிறது. போன வாரம் இங்கேயும் ஒருவர் "அழகான மீனவக் கிராமத்தைக் கொன்றுவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

1950ல் அந்த ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை. இன்று சுமார் 70,000 பேர் குடியிருக்கிறார்கள், கோடையில் கூட்டம் பல மடங்கு ஏறும். இத்தனை பேரும் லெவான்தே, போனியெந்தே என்ற இரண்டு கடற்கரைகளுக்குப் பின்னால் நடந்தே போய்வரும் தூரத்துக்குள் தங்குகிறார்கள். இதற்கு அடித்தளம் 1956ல் மேயர் பெத்ரோ சரகோசா கொண்டுவந்த நகரத் திட்டம். ஊர் வளருமுன்பே அகலமான தெருக்களுக்குக் கோடு போட்டுவிட்டார்கள். 1963ல் கட்டடங்களுக்கான உயர வரம்பையும் எடுத்தார்கள். மனையை அடைத்துக் கட்டாமல் ஒல்லியாக மேலே போ, கீழே காலியாக விடு என்பதுதான் விதி. அதனால்தான் அங்கே பல கோபுரங்களின் காலடியில் ஒரு தோட்டமோ நீச்சல்குளமோ இருக்கிறது. கடற்கரை தெற்குப் பார்த்தது என்பதால் நிழலும் பகலில் பெரும்பாலும் ஊர்ப்பக்கம்தான் விழுகிறது.

அதே கரையில் மற்ற ஊர்களைப் பாருங்கள். மலைச்சரிவு முழுக்கத் தனித்தனி வில்லாக்கள், வீட்டுக்கு ஒரு குளம், பால் வாங்கக்கூட கார். உண்மையில் கரையைத் தின்றது அதுதான்.

பாய்மரம்:
அந்தக் கருத்தை எழுதியது நான்தான். "கொன்றுவிட்டார்கள்" என்ற சொல்லை இன்னும் விடமாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

பெனிடோர்ம் ஆட்கள் வெறும் தூண்டில்காரர்கள் இல்லை. சூரை மீன் கூட்டம் வரும் வழியில் கடலுக்குள் வலையாலேயே அறை அறையாகக் கட்டி, மீனை உள்ளே திருப்பி, கடைசி அறையில் தூக்குவார்கள். அல்மத்ராபா என்று பெயர். அந்த வேலையில் தலைமை தாங்கும் தண்டல் வேண்டுமென்றால் ஸ்பெயினின் மற்ற கரைகளும் வட ஆப்பிரிக்கக் கரையும் பெனிடோர்மிலிருந்துதான் ஆள் அழைத்தன. நீரோட்டத்தையும் மீனின் புத்தியையும் தலைமுறை தலைமுறையாகப் படித்த ஊர். இன்று அந்த அறிவில் என்ன மிச்சம்? பழைய ஊர்ப்பகுதியின் சந்துகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த 1956 திட்டம். அது ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலம். மேயர் நியமன ஆள். உங்கள் வரைபடத்தை ஊர் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்களா? பாதாம், ஆலிவ் நின்ற நிலமெல்லாம் ஒரே தலைமுறையில் மனையாகிப்போனது.

மாடிப்படி:
அல்மத்ராபா பற்றி நீங்கள் எழுதியது அருமை, ஆனால் கால வரிசை உங்களுக்கு எதிராக இருக்கிறது. பெனிடோர்ம் கரையில் அந்த வலை 1950களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அப்போது ஒரு கோபுரம்கூட இல்லை. ஆண்கள் பலர் அதற்கு முன்பே சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தொழில் போன ஊரில் சரகோசா வேறு தொழில் தேடினார்.

அதுவும் சுலபமாக நடக்கவில்லை. பிகினி போட்டதற்கு அபராதம் விதித்த காலம் அது. அதை அனுமதிக்கப்போய் திருச்சபையின் கோபத்துக்கு ஆளாகி, வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் வரை போய் ஃபிராங்கோவிடம் பேசி ஊரைக் காப்பாற்றினார் என்கிறார்கள்.

பாய்மரம்:
வெஸ்பா கதை பெரும்பாலும் சரகோசாவே பேட்டிகளில் சொல்லிச் சொல்லிப் பரவியது. அதைச் சரித்திரமாக வைத்து வாதாடாதீர்கள். 1959ல் அரசு, அன்றைய ஸ்பெயின் நாணயமான பெசெட்டாவின் மதிப்பை டாலருக்கு 42லிருந்து 60 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுக்காரனுக்கு ஸ்பெயின் ஒரே நாளில் மலிவாகிவிட்டது. 1967ல் அலிகாந்தேயில் புது விமான நிலையம் வந்தது. பயண நிறுவனங்கள் டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் விற்றன. ஊரை வளர்த்தது இவைதான், ஒரு மேயரின் ஸ்கூட்டர் இல்லை.

உயரம் உயரம் என்கிறீர்களே, அங்கே இருக்கும் இன்டெம்போ என்ற கோபுரத்தைப் பாருங்கள். 2007ல் தொடங்கி, நிதி நெருக்கடியில் பாதியில் நின்று, 2021ல்தான் முடிந்தது. லிஃப்ட் வைக்கவே மறந்துபோன கட்டடம் அது!

மாடிப்படி:
லிஃப்ட் கதை பொய். 2013ல் உலகம் முழுக்கப் பரவிய தவறான செய்தி. லிஃப்ட் திட்டத்திலேயே இருந்தது. நெருக்கடியில் பாதியில் நின்றது பற்றி நீங்கள் சொல்வது சரி, அதில் எனக்கு மறுப்பில்லை.

கேணி:
இரண்டு பேரும் தண்ணீரைத் தொடவே இல்லை. பெனிடோர்மின் கதையில் எனக்கு முக்கியமானது அதுதான்.

மழை குறைந்த பகுதி அது. 1978ல் வறட்சி முற்றி, கோடைக் கூட்டத்துக்கு நடுவில் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்து இறக்க வேண்டியதாயிற்று. குழாயில் தண்ணீர் வராத அறையில் விருந்தாளி எத்தனை நாள் இருப்பான்? அந்தப் பயம்தான் ஊரைத் திருத்தியது.

அதற்கு முந்தைய ஆண்டே பெனிடோர்ம் இருக்கும் மரினா பாஹா வட்டாரத்து ஊர்கள் சேர்ந்து ஒரு நீர்க் கூட்டமைப்பு அமைத்திருந்தன. பிறகு விவசாயிகளோடு ஒரு பண்டமாற்று வந்தது. மேலே உள்ள அணைகளின் நல்ல தண்ணீரில் ஒரு பங்கை அவர்கள் நகரத்துக்கு விட்டுக்கொடுப்பார்கள், நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்குத் திருப்பித் தரும். ஓட்டல் குளியலறையில் ஓடிய தண்ணீர் பிறகு பழத்தோட்டத்துக்குப் போகிறது. குழாய்க் கசிவையும் விடாமல் பிடித்து அடைத்தார்கள். இப்போது குழாயில் விடும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் உரிய இடம் போய்ச் சேர்கிறது.

இந்த விஷயத்தில் மாடிப்படி பக்கம் நிற்கிறேன். இருபது மாடிக்கு ஒரு குளம் என்பதும் வீட்டுக்கு ஒரு குளம் என்பதும் ஒன்றல்ல. குழாய் நீளம் குறைந்தால் கசிவும் குறையும்.

பாய்மரம்:
தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், கேணி. விவசாயியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள், அது பெரிய காரியம்.

ஆனால் ஒரே தொழிலை நம்பிய ஊரின் நிலையை 2020ல் கொரோனா வந்தபோது பார்த்தோம். மார்ச்சில் ஓட்டல்கள் கதவடைத்தன. ஜூனில் கடற்கரையைத் திறந்தபோது மணலில் கயிறு கட்டி, குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து உட்காரவைத்தார்கள்.

நான் ஒரு ஜனவரியில் அங்கே போயிருக்கிறேன். லெவான்தே நடைபாதையில் வெயிலில் ஓய்வூதியக்காரர்கள் ஜோடி ஜோடியாக நடந்துகொண்டிருந்தார்கள். 1985லிருந்து அரசே முதியவர்களைக் குறைந்த செலவில் அனுப்பிவைக்கும் திட்டம் இருக்கிறது, அதனால் குளிர்காலத்திலும் அறைகள் நிறைகின்றன. நல்ல விஷயம், மறுக்கவில்லை. நான் தங்கிய மாடியில் அறை சுத்தம் செய்த அம்மா, இரண்டு கையாலும் மெத்தையைத் தூக்கிப் பிடித்து முழங்காலை முட்டுக்கொடுத்து விரிப்பைச் செருகினார். ஒரு நாளில் எத்தனை கட்டில் என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிவிட்டுச் சிரித்தார். ஊருக்குள் வாடகை கட்ட முடியாது, பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் வருவதாகச் சொன்னார்.

ஸ்பெயினில் இந்தப் பெண்கள் 'கெலிஸ்' என்ற பெயரில் சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். 'சுத்தம் செய்கிறவர்கள்' என்பதன் சுருக்கம் அது. பெனிடோர்மிலும் அவர்கள் போராடியிருக்கிறார்கள். உங்கள் ஒல்லிக் கோபுரத்தில் இவர்களுக்கு எந்த மாடி, மாடிப்படி?

மாடிப்படி:
இதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு வாரக்கணக்கில் விடுவதில் வருமானம் அதிகம் என்பதால் குடியிருக்கும் வீடுகள் குறைகின்றன என்பது உண்மை. அதற்காக அந்த அம்மாவுக்கு மலைச்சரிவில் வில்லா வரிசை கட்டச் சொல்லமாட்டேன். அவருக்கும் வீடு ஊருக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்தில், மேல்நோக்கித்தான் கட்ட வேண்டும்.

பாய்மரம்:
கட்டட்டும். ஆனால் அதற்குக் கடலைப் பார்த்த ஜன்னல் இருக்க வேண்டும், பின்பக்கச் சுவரைப் பார்த்தது வேண்டாம்.