மருந்து பத்தி ஆராய்ச்சி பண்றவங்க உங்க வீட்டுக்கோ கடைக்கோ வந்திருக்காங்களா? அனுபவம் சொல்லுங்க

கோவைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் பார்ம் டி முடிச்சுட்டு இப்ப ஒரு காலேஜ்ல பார்மசி பிராக்டிஸ் டிபார்ட்மெண்ட்ல ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன். (2008ல தான் இந்தியாவுல இந்தப் படிப்பே வந்துச்சு, அஞ்சு வருஷம் படிப்பு ஒரு வருஷம் ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப், ஆனா இன்னும் ஊர்ல மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியா கண்ணுனு தான் கேக்குறாங்க.) என் வேலை என்னன்னா வயசானவங்க வீட்டுக்குப் போய் அவங்க என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, எப்ப சாப்பிடுறாங்க, யார் சொல்லி சாப்பிடுறாங்கனு உக்காந்து பாத்து எழுதிக்கிறது. டாக்டர் சீட்டைப் பாத்தா போதுமே வீட்டுக்கு எதுக்கு வர்றீங்கனு வாசல்லயே கேப்பாங்க. சீட்டுல எழுதுனது ஒண்ணு, வயித்துக்குள்ள போறது ஒண்ணா இருக்கு, அதுக்காகத்தான் வர்றோம்.

பொள்ளாச்சி பக்கம் ஒரு பாட்டி. வீட்ல இருக்குற எல்லா மாத்திரையும் கொண்டு வாங்கன்னேன், உள்ள போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துட்டு வந்து பாய்ல கொட்டுனாங்க. மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுத்த சுகர் மாத்திரை மெட்பார்மின் இருந்துச்சு, பக்கத்து டவுன்ல கிளினிக் வெச்சிருக்குற டாக்டர் எழுதுன கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேந்த மாத்திரை இருந்துச்சு, பையன் கூட்டிட்டுப் போன சிட்டி ஆஸ்பத்திரியில எழுதுனது இன்னொண்ணு, அட்டையைத் திருப்பி கீழ சின்ன எழுத்துல பாத்தா அதுவும் அதே கிளிமிபிரைட் மெட்பார்மின் தான், கம்பெனி பேர் மட்டும் வேற, கலர் வேற. "வெள்ளை காலைல, இந்த ரோஸ் கலரு மத்தியானம், அது ராத்திரிக்கு கண்ணு"னு கரெக்டா சொல்றாங்க, ஒரு வேளை கூட விடல. பதினோரு மணி வாக்குல கண்ணைக் கட்டிட்டு வருது, வேர்த்துக் கொட்டுதுனு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்திருக்காங்க, வயசாச்சுல்லனு வீட்ல விட்டுட்டாங்க. சுகர் இறங்குறதுதான் அது. நாங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக் கூடாது, அது எங்க ஆராய்ச்சியோட விதி, அதனால அங்கயே உக்காந்து எல்லா பேரையும் எழுதி லெட்டர் போட்டு பையன்கிட்ட குடுத்து அன்னைக்கே டாக்டரைப் பாக்கச் சொன்னேன், அந்த டாக்டர் போன்லயே ஒண்ணை நிறுத்திட்டாரு.

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியல பாருங்க. மூணு பேருமே சரியான மருந்துதான் குடுத்திருக்காங்க. மூணையும் ஒண்ணா வெச்சுப் பாக்க ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான்.

அந்தப் பையில நான் பயந்தது இன்னொரு விஷயத்துக்கு. கத்தரியால வெட்டுன அட்டைங்க. மூணு மாத்திரை, ரெண்டு மாத்திரைனு வெட்டி வெட்டி வாங்கினது, பேர் இருக்குற பக்கம் கடையிலயே இருக்கு, தேதி இருக்குற பக்கம் வேற யார் வீட்லயோ இருக்கு. அது என்ன மாத்திரைனு எனக்கே தெரியல, ஆனா பாட்டி "அது இடுப்பு வலிக்கு"னு சொல்லி திரும்ப பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க.

உங்க வீட்டுக்கு இல்ல கடைக்கு இந்த மாதிரி ஸ்டூடண்ட்ஸ் வந்து கேட்டிருந்தா, நீங்களே இந்த வேலையில இருந்தா, எழுதுங்க. நல்லதோ கெட்டதோ.

நெல்லை மெடிக்கல்காரன்:
கடை வச்சிருக்கவன் பக்கத்தையும் கேளும்மா. எங்க கடைக்கும் வந்தாவ காலேஜ் பிள்ளைய. நல்ல பிள்ளையதான், கேள்வி ஃபாரத்தை வச்சு கேட்டுச்சு, ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாம குடுப்பீங்களானு. நான் உள்ளத சொன்னேன். காலையில கடை தெறந்ததும் முதல் ஆளு வருவான், கட்டட வேலைக்குப் போறவன், "அண்ணாச்சி சளி காய்ச்சல், ஒரு செட்டு மாத்திரை குடுங்க"ம்பான். டாக்டர்ட்ட போனா ஃபீஸு, அரை நாள் சம்பளம் போச்சு. பாரசிட்டமாலும் செட்ரிசினும் குடுத்தா "போன தடவ ஒரு பெரிய மாத்திரை குடுத்தீங்களே அது எங்க"னு கேப்பான், அந்த பெரிய மாத்திரைதான் ஆன்டிபயாடிக். இல்லைன்னா அடுத்த கடைக்குப் போவான், இது தெனமும் நடக்கது.

சட்டம் இருக்கு. ஷெட்யூல் எச்1னு 2014 மார்ச்ல இருந்து, செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக், டிபி மருந்து, வலி மாத்திரை ட்ரமடால் எல்லாம் அதுல வருது, டாக்டர் பேரு நோயாளி பேரு எத்தனை மாத்திரைனு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். நான் எழுதுதேன். ஆனா அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் அந்த லிஸ்ட்ல இல்ல, அது வெறும் ஷெட்யூல் எச், சீட்டு வேணும்னு சட்டம் சொல்லுது ஆனா அந்த மாதிரி தனி ரெஜிஸ்டர் கிடையாது, அதனால எல்லாக் கடையிலயும் அதுதான் ஆறா ஓடுது. இத அந்த பிள்ளையட்ட சொன்னப்ப எழுதுறத நிறுத்திட்டு நிமிந்து பாத்துச்சு. அப்புறம் எங்க கடையில ஒரு சார்ட் ஒட்டிட்டுப் போச்சு, வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேக்காதீங்கனு. அத காட்டி இப்ப நான் கொஞ்ச பேர்ட்ட இல்லைனு சொல்லுதேன், நான் சொன்னா கேக்க மாட்டான், காலேஜ் ஒட்டுனதுன்னா கொஞ்சம் யோசிக்கான்.

எனக்குப் பிடிக்காதது ஒண்ணு இருக்கு. நோயாளி மாதிரி ஆள் அனுப்பி சோதிக்கதாம்ல, அது என்ன நியாயம்? கேட்டா சொல்லப் போறோம், ஒளிஞ்சு வந்து பாப்பானேன்?

ஆய்வாளர்_திருச்சி:
அண்ணாச்சி, நான் அந்த முறையில தான் பிஎச்டி பண்றேன், அதனால பதில் சொல்ல வேண்டியது என் கடமை. கேட்டா உள்ளத சொல்றவங்க உங்கள மாதிரி கொஞ்சம் பேரு, ஃபாரத்தைப் பாத்ததும் "சீட்டு இல்லாம குடுக்கவே மாட்டோம்"னு எழுதிக் குடுத்துட்டு நாங்க படி இறங்குறதுக்குள்ள குடுக்குற கடைகளை நானே பாத்திருக்கேன். அதான் நோயாளி மாதிரி நடிக்க பயிற்சி குடுத்து அனுப்புறது. கடை பேரை எங்கயும் வெளியிட மாட்டோம், டிரக் இன்ஸ்பெக்டர்கிட்ட குடுக்க மாட்டோம், ஆராய்ச்சியை முன்னாடியே பாத்து சரி சொல்ற எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு ஆளைக் கூட அனுப்ப முடியாது.

இதுல பெரிய ஆராய்ச்சின்னா 2016ல வந்தது, கனடா மெக்கில் யூனிவர்சிட்டி ஆட்களும் மத்தவங்களும் சேந்து டெல்லி, மும்பை, பாட்னாவுல 622 மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பிப் பாத்தாங்க. ஒருத்தர் போய் ரெண்டு மூணு வாரமா இருமல் காய்ச்சல்னு சொல்வாரு, இன்னொருத்தர் சளி டெஸ்ட்ல டிபினு வந்த ரிப்போர்ட்டையே கையில காட்டுவாரு. முதல் ஆளை சரியா கையாண்டது, அதாவது கண்டதைக் குடுக்காம டாக்டர்கிட்ட போங்கனு அனுப்பினது 13 சதவீதம் தான். ரிப்போர்ட்டோட போனவரை அப்படி அனுப்பினது 62 சதவீதம். அதே கடைங்க தான், ஒரு பேப்பர்ல இவ்வளவு வித்தியாசம். அண்ணாச்சி, உங்க தொழிலுக்குப் பெருமையான ஒண்ணும் அதுல இருக்கு, டிபிக்கான முதல் வரிசை மருந்தை ஒரு கடை கூட சீட்டு இல்லாம தூக்கிக் குடுக்கல. டிபி மருந்து கண்டபடி விக்கிறது கடைக்காரங்க தான்னு பல வருஷமா பேசிட்டு இருந்தாங்க, இது இல்லைன்னா அந்தப் பழி அப்படியே நின்னுருக்கும். ஆனா சும்மா இருமல்னு போன ஆள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிட்டு வந்தாங்க, அதுலயும் லெவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துன்னா டிபியைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வெச்சு டெஸ்ட்ல கண்டுபிடிக்க விடாம பண்ணிடும், அதுதான் ஆபத்து.

கேட்டா சொல்வோம்னு நீங்க சொன்னதையும் நான் தள்ளிடல. ஏன் குடுக்குறாங்கன்றது நடிக்கப் போற ஆளுக்குத் தெரியாது, உங்ககிட்ட உக்காந்து பேசினா தான் தெரியும். கட்டடத் தொழிலாளியோட அரை நாள் சம்பளம் எங்க கணக்குல வரவே வராது.

மதுரை மீனா:
எங்க அம்மாவுக்கு நடந்தது. இன்சுலின் ஆரம்பிச்சு பல மாசமா சுகர் இறங்கவே இல்ல, அம்மா திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறாங்கனு வீட்ல ஒரே சண்டை, அம்மா அழுதுட்டாங்க. டாக்டர் 20 யூனிட்டை 30 ஆக்கினாரு அப்பவும் கேக்கல. மெடிக்கல் காலேஜ் ஓபியில வரிசையில உக்காந்திருக்கும்போது பார்மசி படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து, அக்கா நாங்க ஒரு ஸ்டடி பண்றோம், அம்மா எப்படி ஊசி போட்டுக்கிறாங்கனு செஞ்சு காட்டச் சொல்லுங்கன்னுச்சு. பையில மருந்தும் ஊசியும் இருந்துச்சு, அம்மா எடுத்துக் காட்டினாங்க, அந்தப் பொண்ணு ஊசியைப் பாத்ததும் மூடி ஆரஞ்சு கலரா இருக்கேன்னுச்சு.

எங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் தான் பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு, பாட்டில் மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி போட்ட ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்குற மருந்துக்கு. ஆரஞ்சு ஊசியில 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். 30 கோடுன்னா 12 யூனிட். இத்தனை நாளும் பாதி கூட போகல! கடையில ஊசின்னு கேட்டோம், குடுத்தாங்க, வாங்கிட்டு வந்தோம், யாரும் எந்த இன்சுலின்னு கேக்கல. அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு, இப்ப ஊசியை மட்டும் சரி பண்ணிட்டு 30 கோடு வரைக்கும் போட்டா திடீர்னு சுகர் ரொம்ப இறங்கிடும், அதனால டாக்டர்கிட்ட சொல்லாம மாத்தாதீங்கனு கூடவே உள்ள வந்து டாக்டர்கிட்ட விளக்கிச் சொன்னுச்சு. இந்த ஆராய்ச்சி எதுக்குனு யாராவது கேட்டா எங்க அம்மா கதையைத்தான் சொல்வேன்.

வார்டு சிஸ்டர்:
மீனா சொன்னது ரொம்ப சாதாரணமா நடக்குறது. இன்னொண்ணு எல்லாரும் வீட்ல செக் பண்ணிக்கோங்க, மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குடுக்குற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தான். தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணு குறைஞ்சு அட்மிட் ஆனவங்களை நான் பாத்திருக்கேன். எந்தக் கிழமைனு அட்டை மேலயே பேனாவால பெருசா எழுதுங்க.

யாழ் பிள்ளை:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அம்மம்மா பிறஷருக்கு மாதாமாதம் கிளினிக்குக்குப் போறவா. அங்க பாமசி படிக்கிற யூனிவர்சிற்றிப் பிள்ளையள் வந்து கிளினிக் கொப்பியைப் பாத்து, இந்தக் குளிசை எத்தனை போடுறீங்கள் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டவை. அம்மம்மா அரைவாசி எண்டு சொன்னா. கொப்பியில முழுசு எண்டுதான் கிடக்கு. விசாரிச்சுப் பாத்தா 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் முடிஞ்சிடும் எண்ட பயத்தில உடைச்சுப் போடத் தொடங்கினவா, பிறகு மருந்து ஒழுங்கா வந்தும் அதை விடேல்லை, எங்களுக்கும் சொல்லேல்லை. பிறஷர் ஏன் கூடுது எண்டு டொக்டர்மார் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனவை.

இலங்கையில மருந்தை அளவா, யோசிச்சுப் பாவிக்க வேணும் எண்ட சிந்தனை ஒரு யூனிவர்சிற்றிப் பேராசிரியரிட்ட இருந்துதான் வந்தது, சேனக்க பிபிலே எண்டு மருந்தியல் பேராசிரியர். தேவையான மருந்தை மட்டும், மருந்தின்ர சொந்தப் பேரில, குறைஞ்ச விலையில எடுக்க வேணும் எண்டு நிண்டவர், அவற்ற முயற்சியிலதான் 1971ல அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. கோவை அக்கா சொன்ன பாட்டியின்ர கதையை வாசிக்கேக்க அவர்தான் நினைவுக்கு வந்தார், அட்டையில மருந்தின்ர பேர் பெரிசாவும் கொம்பனியின்ர பேர் சின்னனாவும் இருந்தா ஒரே மருந்தை ரெண்டு தரம் போடுறது எவ்வளவோ குறையும்.

ரிட்டயர்டு பார்மசிஸ்ட்:
அரசு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு உள்ள நின்னு மருந்து குடுத்தவன் நான். டிஎன்எம்எஸ்சி (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கி அனுப்புற தமிழ்நாடு அரசு கழகம்) 1995ல மருந்து அனுப்ப ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மருந்து இல்லைனு திருப்பி அனுப்புறது ரொம்பக் குறைஞ்சுது, அது பெரிய சாதனை. ஆனா மருந்து கைக்குப் போயிடும், எப்படி சாப்பிடணும்ங்கிறது காதுக்குப் போகாது. ஒரு காலேஜ் பையன் வந்து என் பக்கத்துல ஸ்டாப்வாட்ச் வச்சிட்டு நின்னான், ஒரு ஆளுக்கு மருந்து குடுக்க எத்தனை செகண்ட்னு. உலக சுகாதார நிறுவனம் 1993ல வகுத்துக் குடுத்த அளவுகோல்ல அதுவும் ஒண்ணு, ஒரு சீட்டுக்கு சராசரி எத்தனை மருந்து, எத்தனைல ஆன்டிபயாடிக், எத்தனைல ஊசி, அப்புறம் டாக்டர் பாக்குற நேரம், மருந்து குடுக்குற நேரம், வெளிய போற ஆளுக்கு மருந்து சாப்பிடுற முறை தெரியுதா, கவர்ல எழுதியிருக்கானு.

எனக்கு முதல்ல கோபம் வந்துச்சு, வரிசை கேட்டு வரைக்கும் நிக்குது, இவன் செகண்ட் எண்ணுறானேனு. ரெண்டாவது நாள் அவன் வெளிய நின்னு ஆட்களைக் கேட்டான், நானும் டீ குடிக்கப் போற சாக்குல பக்கத்துல நின்னு கேட்டேன். இப்பதான் நான் "காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு"னு சொல்லிக் குடுத்த அம்மா "மூணு வேளைனு சொன்னாங்க"ங்குது. ஜன்னல் இடுப்பு உயரத்துல, குனிஞ்சாதான் நான் பேசுறது கேக்கும், பின்னால இருக்குறவங்க தள்ளுறாங்க, அந்தம்மாவுக்குக் கேக்கவே இல்ல. அவனோட ரிப்போர்ட்டை வச்சுதான் கவர் மேல சூரியன் நிலா படம் போட்ட முத்திரை குத்த ஆரம்பிச்சோம், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அது ரொம்ப உதவுச்சு. ஜன்னலை உயர்த்தணும்னு அவன் எழுதினது நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் நடக்கல. இதை ஏன் சொல்றேன்னா, செகண்ட் எண்ணி பேப்பர்ல போட்டா மட்டும் பத்தாது, கூட ஒரு பார்மசிஸ்ட் போடணும், ஜன்னலை மாத்தணும், அதுக்குப் பணம் ஒதுக்குறவங்க அந்தப் பேப்பரைப் படிக்கணும்.

சேலம் குமார்:
அக்கா ஒரு சந்தேகம், புது மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா இருக்கு. டாக்டர் நிறுத்திட்டாரு. இதை யார்கிட்டயாவது பதிவு பண்ண முடியுமா, இல்ல டாக்டர் மட்டும்தான் பண்ணணுமா?

கோவைப்பொண்ணு:
குமார், நீங்களே பண்ணலாம். மருந்துப் பக்கவிளைவைப் பதிவு பண்ண 2010ல இருந்து தேசிய அளவுல ஒரு திட்டம் நடக்குது, காசியாபாத்ல இருக்குற இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்துறாங்க, பொதுமக்களுக்குனு தனிப் படிவம் தமிழ்லயே இருக்கு. 1800 180 3024க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது. பக்கத்துல மெடிக்கல் காலேஜ் இருந்தா அங்க ஃபார்மகாலஜி டிபார்ட்மெண்ட்ல கேளுங்க, நிறைய காலேஜ்ல இதுக்கு சென்டர் இருக்கு. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பேட்ச் நம்பர் கேப்பாங்க, எந்தத் தேதியில ஆரம்பிச்சாரு, எந்தத் தேதியில தடிப்பு வந்துச்சு, கூட வேற என்னென்ன மருந்து, நாட்டு மருந்து சாப்பிட்டாரு எல்லாம் எழுதி வெச்சுக்கோங்க. அந்த மருந்து பேரை அப்பாவோட எல்லா சீட்டுலயும் மேலயே சிவப்புல எழுதிடுங்க, அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைக் காட்டுங்க. முகம் உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.