எடைக்குறைப்பு ஊசியால் ஒட்டிய முகத்துக்குக் கிரீம் உதவுமா?

தணிகை:

டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவற்றால் எடை குறைந்து ஒட்டிப்போகும் முகத்துக்கு, செமாகுளுடைடின் வணிகப் பெயர்களில் ஒன்றைச் சேர்த்து ‘ஓசெம்பிக் முகம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஊசிகளின் பின்னாலேயே, ஒட்டிய கன்னத்தை மீண்டும் நிரப்புவதாகச் சொல்லும் சீரம்களும் கிரீம்களும் விளம்பரங்களில் வரிசைகட்டி நிற்கின்றன. இவற்றை வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

முகத்தில் குறைவது தோல் அன்று. கன்னம், நெற்றிப்பொட்டு, கண்ணின் கீழ்ப்பகுதி எனத் தோலுக்கு அடியில் தனித்தனி அறைகளாக அமைந்திருக்கும் கொழுப்பே குறைகிறது. செமாகுளுடைடின் முதல் பெரிய எடைக்குறைப்பு ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. 90 கிலோ எடையுள்ளவர் 13 கிலோவுக்கு மேல் இழக்கும்போது முகத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்காது. இளம் வயதில் தோல் ஓரளவு சுருங்கி இணங்கிக்கொள்ளும்; ஐம்பதைக் கடந்த தோலுக்கு அந்த மீள்தன்மை குறைவு என்பதால் அது தளர்ந்து தொங்குகிறது.

தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே செல்ல ஒரு மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்கவேண்டும் என்பது மருந்தியலில் பழகிய விதி. கிரீம்களில் சேர்க்கப்படும் கொலாஜன் என்ற புரதத்தின் மூலக்கூறோ சுமார் 3,00,000 டால்டன். அதைக் கன்னத்தில் பூசிவிட்டு உள்ளே போய்ச் சேர்ந்ததாக நம்புவது எப்படி? இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பழைய எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றால் நோயாளிகளின் கன்னக் கொழுப்பு கரைந்து முகம் குழிவிழுந்தபோது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அதற்கென அனுமதித்தது பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்னும் ஊசிமருந்தைத்தான், கிரீமை அன்று.

நெய்தல்:

கொழுப்பைக் கிரீம் நிரப்பாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கண்ணாடியில் தெரிவது குழி மட்டும்தானா? உணவு பாதியாகக் குறைந்து, குமட்டலால் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் மாதக்கணக்கில் இருந்தவர்களின் தோல் வறண்டு, கண்ணோரம் மெல்லிய காகிதம்போலச் சுருங்கியிருக்கும். அடியில் இருந்த கொழுப்பு இழுத்துப் பிடித்திருந்தவரை மறைந்திருந்த வெயில் பழுதும் இப்போது வெளிப்படுகிறது. இந்த இரண்டும் தோலின் சிக்கல்கள். பூச்சு மருந்து எட்டக்கூடிய இடத்தில் இருப்பவை.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு மருந்தான டிரெடினாயின் வெறும் விளம்பரச் சரக்கு அன்று. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலால் பழுதான தோலில் அதை 10 முதல் 12 மாதம் பூசியபோது முதல்வகைக் கொலாஜன் உருவாக்கம் 80 விழுக்காடு கூடியது; மருந்தில்லாத வெறும் கிரீம் பூசியவர்களுக்கு 14 விழுக்காடு குறைந்தது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் நடந்த ஆய்விலோ, நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் நாலரை ஆண்டுகளில் முதுமை அடையாளங்கள் 24 விழுக்காடு குறைவாக இருந்தன. டிரெடினாயின் ஒரு டியூப் சில நூறு ரூபாய்தான். கன்னக்குழியில் போடும் நிரப்பு ஊசிக்குப் பல்லாயிரம் ஆகும், அதுவும் கரைந்துபோவது. எல்லாக் கிரீமும் வீண் என்று தாங்கள் ஒரே மூச்சில் தள்ளுவது, போலியோடு சேர்த்து நல்லதையும் குப்பையில் போடுவதாகும்.

தணிகை:

நெய்தல் அவர்களே, தாங்கள் காட்டிய இரண்டு ஆய்வுகளும் வெயிலைப் பற்றியவை. வேகமாக எடை இழந்தவர்களின் முகத்தில் டிரெடினாயின் என்ன செய்யும் என்பதை அவை சொல்லவில்லை. நான் எதிர்ப்பதும் மருத்துவர் எழுதித்தரும் டிரெடினாயினை அன்று. எடைக்குறைப்பு ஊசியின் பெயரை ஒட்டிக்கொண்டு விற்கப்படும் சீரம்களை.

அப்படி ஒரு சீரத்தின் அட்டைப்பெட்டியைப் படித்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் கொழுப்பணுக்களைப் பருக்கவைக்கும் என்ற தொனியில் ஒரு சீனத்துக் கிழங்கின் சாறு கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கப் பட்டியலில் தண்ணீர், கிளிசரின், இரண்டு எண்ணெய்கள், பிறகு பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி, அதற்கும் கீழேதான் அந்தச் சாறு. பீனாக்ஸிஎத்தனாலை 1 விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு, நாயகனாக அறிவிக்கப்பட்ட பொருள் எவ்வளவு இருக்கும் என்பது விளங்கிவிடும். அந்தச் சாற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும் மூலப்பொருளைத் தயாரித்தவர்களே செய்த சிறு சோதனை. மார்பகத்தின் பருமனுக்காகச் செய்ததை முகத்துக்கு இழுத்து வந்திருக்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரர்:

இருவரும் பேசாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் கடைக்கு வருபவர்களில் பலர் சீரம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த காலி டியூபை நீட்டி “இதே ஒண்ணு குடுங்க” என்கிறார்கள். பார்த்தால் ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீமாக இருக்கும். மங்குக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதுவதை இவர்கள் ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள்.

அதிலிருக்கும் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. தொடர்ந்து பூசினால் தோலை மெலியவைக்கும். இரத்தக் குழாய்கள் சிவந்த நூல்போலத் தெரியும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும் என்பதால் விடவும் முடியாது. ஏற்கெனவே அடியில் கொழுப்பு குறைந்த முகத்தில் மேலே இருக்கும் தோலையும் மெலியவைத்தால் என்ன மிஞ்சும்? டிரெடினாயின் என்ற பெயரைக் கேட்டுவிட்டு யாராவது இந்தக் கலவையை வாங்கிவிடக்கூடாது என்பதே என் கவலை. தனி டிரெடினாயினும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துதான். கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் அதைத் தவிர்க்கவேண்டும். செமாகுளுடைடையும் கருவுறுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

புதிய வாசகி:

எனக்கு 52 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லை. மருத்துவர் சொல்லி செமாகுளுடைடு போட்டு எடை குறைந்தது. மூட்டுவலி தணிந்தது, மாடிப்படி ஏற முடிகிறது. ஆனால் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், “என்னடி இப்படி வாடிப்போயிட்டே, சுகர் முத்திடுச்சா?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். குண்டாக இருந்தபோது நோயாளி என்று யாரும் சொன்னதில்லை. முகத்துக்காக ஊசியை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஐயாவும் அம்மாவும் விவாதத்துக்கு நடுவில் எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

நெய்தல்:

அன்புச் சகோதரி, முகத்துக்காக ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் அதிக எடையோ உடல் பருமனோ இருந்து இதய, இரத்தக்குழாய் நோயும் உள்ள 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், செமாகுளுடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 20 விழுக்காடு குறைத்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் அழகு ஊசி அன்று. ஊசியை நிறுத்தியவர்களுக்கோ, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. எடை மிக வேகமாக இறங்குகிறது என்றால், அளவைக் கூட்டாமல் சில காலம் அதே அளவில் தொடரலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புரதம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதையும் பாருங்கள்; இரண்டு வாய் சாதத்தோடு வயிறு நிறைந்துவிடுகிறது என்றால் முட்டையையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வாருங்கள்.

தோலுக்குக் காலையில் சன்ஸ்கிரீனும், கிளிசரினோ செராமைடோ உள்ள எளிய ஈரப்பதக் கிரீமும் போதும். தோல் மருத்துவர் சம்மதித்தால் 0.025 விழுக்காடு டிரெடினாயினை இரவில், பட்டாணி அளவு மட்டும், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். நம் மாநிறத் தோலுக்கு இந்த நிதானம் முக்கியம். எரிச்சல் உண்டானால் சிவப்பு மறைந்த இடத்தில் கரும்புள்ளி தங்கிவிடும். ஆறு மாதத்துக்கு முன் பலனை எதிர்பார்க்காதீர்கள். கன்னக்குழி அப்படியேதான் இருக்கும், தோலின் வறட்சியும் மெல்லிய கோடுகளும் குறையும்.

தணிகை:

இதைத்தான் நானும் வேறு வாய்ப்பாட்டில் சொன்னேன். நெய்தல் அவர்கள் பட்டியலிட்ட எதிலும் ஊசியின் பெயர் இல்லை, ஆயிரக்கணக்கில் விலையும் இல்லை. ஆனால் டிரெடினாயினை இப்போதே தொடங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. குமட்டலும் நீரிழப்பும் இருக்கும் மாதங்களில் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். அதில் உரிக்கும் தன்மையுள்ள மருந்தைப் பூசினால் எரிச்சல்தான் முந்தும். முதலில் ஈரப்பதமும் சன்ஸ்கிரீனும், எடை நிலைபெற்ற பிறகு மற்றவை. நிரப்பு ஊசி போட்டே தீரவேண்டும் என்பவர்களும் அதுவரை பொறுத்திருப்பது நல்லது. இறங்கிக்கொண்டிருக்கும் முகத்துக்கு இன்று அளவெடுத்து நிரப்பினால் மூன்று மாதத்தில் மறுபடியும் குழிவிழும்.

நெய்தல்:

குமட்டல் அடங்கும்வரை பொறுக்கலாம் என்பதை ஏற்கிறேன். எடை நிலைபெறும்வரை என்பது ஓராண்டுக்கு மேல் ஆகலாம்; அத்தனை காலம் தோலைச் சும்மா விடுவதை ஏற்கமாட்டேன்.

தணிகை:

அது மருத்துவர் தோலைப் பார்த்து முடிவு செய்யட்டும். புதிய வாசகிக்கு ஒன்று மட்டும்: விளம்பரங்களில் வரும் முன்-பின் படங்களைப் பார்க்கும்போது நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். முதல் படத்தில் விளக்கு தலைக்கு மேல் இருக்கும், கன்னக்குழியில் இருள் தேங்கும். இரண்டாவது படத்தில் விளக்கு நேர் எதிரே வந்துவிடும், குழி காணாமல் போகும். நீங்கள் எதையாவது பூசிப் பார்ப்பதானால், மாதம் ஒருமுறை ஒரே சன்னலருகே, ஒரே நேரத்தில், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.