நேரம் இருந்தால் வருவேன் என்று ஸ்பானிஷில் சொல்வது எப்படி?

ஸ்பெயினின் பில்பாவோவுக்கு வந்த ஐந்தாம் மாதம் நடந்தது இது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, "நாளைக்கு எங்க வீட்டில் எல்லோரும் சேர்ந்து சமைக்கிறோம், நீயும் வா" என்று கூப்பிட்டாள். சனிக்கிழமை பகலில் ஒரு சோதனையை முடிக்க வேண்டியிருந்தது. முடிந்துவிட்டால் போகலாம் என்பது என் எண்ணம். அந்த வாரம்தான் வகுப்பில் கண்டிஷனல் (ஆங்கிலத்தின் 'வுட்' போல, நிபந்தனையோடு வரும் வினைவடிவம்) படித்திருந்தோம். கற்றதைப் பேசிப் பார்க்கும் ஆசையில், "சி துபியேரா தியெம்போ, இரீயா" என்றேன். நேரம் இருந்தால் வருவேன் என்று சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன். அவள் முகம் லேசாக வாடியது. "பரவாயில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் இனிப்பு வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டு மணியை அடித்தேன். மேசையில் ஆறு தட்டுகள் இருந்தன, ஆறு பேர் இருந்தார்கள். எனக்குத் தட்டு இல்லை. அவசரமாகச் சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டார்கள். எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் அந்த முக்காலி இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது அவளே விளக்கினாள். நான் சொன்னதை அவள் "நேரம் மட்டும் இருந்தால் வந்துவிடுவேனே, எங்கே இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொண்டாளாம். அதாவது, மரியாதையாக வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லியிருக்க வேண்டியது, "சி தெங்கோ தியெம்போ, போய்." சாதாரண நிகழ்காலம், அவ்வளவுதான். (இந்தப் 'போய்' என்ற சொல்லுக்கு ஸ்பானிஷில் 'போகிறேன்' என்று பொருள். முதல் எழுத்தை மட்டும் 'பஸ்' என்பதில் வரும் ப போல மென்மையாகச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் மனதில் நின்ற வினைச்சொல் இதுதான்.)

அன்றைக்குத்தான் நம் மொழியையே திரும்பிப் பார்த்தேன். 'நேரம் இருந்தால் வருவேன்' என்று நாம் சொன்னால், வரக்கூடும் என்றும் கொள்ளலாம், வரமாட்டார் என்றும் கொள்ளலாம். குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும். 'இருந்தால்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஸ்பானிஷ் அதற்கு இடம் தருவதில்லை. நடக்கக்கூடியது என்று நீங்கள் நினைத்தால் தெங்கோ, நடக்காது என்றோ வெறும் கற்பனை என்றோ நினைத்தால் துபியேரா. வாயைத் திறக்கும் முன்பே மனதுக்குள் முடிவு செய்தாக வேண்டும். கண்டிஷனலில் கஷ்டம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். வினைமுடிவுகளை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

உண்மையிலேயே ஒரு மாலைதான். ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்று மூன்று வகையாக முடியும். மற்ற பல காலங்களில் வகைக்கு வகை விகுதி மாறும். இதில் மூன்றுக்கும் ஒன்றேதான்: முழு வினைச்சொல்லை அப்படியே வைத்து ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமொஸ், ஈயாயிஸ், ஈயான் சேர்த்தால் போதும். அப்லார் (பேசு) அப்லாரீயா ஆகும், கொமேர் (சாப்பிடு) கொமெரீயா ஆகும். அடிச்சொல் மாறுபவை பன்னிரண்டு: தெனேர் (வைத்திரு) தெந்த்ரீயா ஆவதுபோல, அசேர் (செய்) அரீயா ஆவதுபோல. எதிர்காலத்துக்கும் இதே பன்னிரண்டுதான், ஒரு தடவை கஷ்டப்பட்டால் இரண்டுக்கும் ஆச்சு.

இந்த ஈயா எங்கிருந்து வந்தது என்று ஆசிரியை சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. லத்தீனில் 'கந்தாரே ஹபேபாம்' என்றிருந்த இரண்டு சொற்கள் தேய்ந்து ஒட்டித்தான் 'கந்தாரீயா' ஆனதாம். கந்தாரே என்றால் பாட. ஹபேபாம் என்றால் என்னிடம் இருந்தது. நம் 'பாட இருந்தேன்' அப்படியே! 'வர இருந்தார்' என்று நாம் சொல்வதில் உள்ள இழுப்பு 'பெந்த்ரீயா'விலும் இருக்கிறது. இதற்கு அப்புறம்தான் ஆங்கிலத்தின் 'வுட்' வழியாக மொழிபெயர்ப்பதை நிறுத்தினேன். தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போகும் பாதை பல இடங்களில் கிட்ட.

உதாரணத்துக்கு, மணி. 'பத்து மணி இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்வோம் இல்லையா? ஸ்பானிஷிலும் எதிர்காலத்தை வைத்து 'செரான் லாஸ் தியெஸ்' என்பார்கள். 'அவர் வந்தபோது பத்து மணி இருந்திருக்கும்' என்பதற்கு 'செரீயான் லாஸ் தியெஸ்'. வகுப்பில் மற்றவர்கள் இதில் திணறினார்கள். எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்தது.

ஆனால் தமிழும் ஓர் இடத்தில் காலை வாரிவிடும். சாந்துச்சு பகுதியில் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பேரப் பிள்ளைகள் அவரை 'அமாமா' என்று கூப்பிடுவார்கள். பில்பாவோ பக்கத்து பாஸ்க் மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல். நம் அம்மம்மாவைப் போலவே ஒலிப்பதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். ஒருநாள் இரவு அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்க, நான் ஊர்க்கதை சொன்னேன். எனக்கு நாகர்கோவில். சின்ன வயதில் பழையாற்றுக்குக் குளிக்கப் போவேன் என்று சொல்ல நினைத்து, "தே நின்யா இரீயா அல் ரியோ" என்றேன். அமாமா பீன்ஸை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "இ போர் கே நோ ஃபுயிஸ்தே, ஈஹா?" என்றார். ஏன் போகாமல் விட்டாய், மகளே? ஆற்றுக்குப் போகவிடாமல் யாரோ தடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கவலையோடு கேட்டார்.

பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் 'போவேன், குளிப்போம்' என்று எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் 'வுட்' வரும். ஸ்பானிஷில் அங்கே கண்டிஷனலுக்கு வேலையே இல்லை. 'ஈபா' என்ற தொடர் இறந்தகாலம்தான். இரண்டு மொழிகளும் சேர்ந்து என்னைத் தவறான பக்கம் தள்ளிய இடம் இது. தமிழ் தெரிந்தவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

இன்னொன்றும் அமாமாவிடமிருந்துதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் சான் ஹுவான் தே கஸ்தெலுகாச்செ கோயில் இருக்கிறது, 241 படி ஏற வேண்டும். நான் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "சி தெந்த்ரீயா தியெஸ் ஆன்யோஸ் மேனோஸ், இரீயா கொந்தீகோ" என்றார். பத்து வயது குறைவாக இருந்தால் உன்னோடு வருவேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் 'ஆல்' செய்யும் வேலையைச் செய்யும் 'சி'க்குப் பின்னால் ரீயா வரவே கூடாது, துபியேராதான் வர வேண்டும் என்று வகுப்பில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஆசிரியையிடம் கேட்டேன். பாஸ்க் நாடு, நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ், கந்தாப்ரியா பக்கமெல்லாம் பிறந்ததிலிருந்தே மக்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், பிழை செய்வதாக அவர்களுக்குத் தோன்றாது என்றார். "காதால் கேள், தேர்வில் எழுதாதே" என்றும் சொன்னார். அமாமாவை நான் திருத்தியதில்லை, திருத்தவும் மாட்டேன். அது அவர் ஊர் மொழி.

துபியேரா வடிவம் வராமல் தவிப்பவர்களுக்கு ஒரு வழி: 'அவர்கள்' என்பதற்கான இறந்தகாலத்தை எடுங்கள், கடைசி 'ரொன்'னைத் தள்ளிவிட்டு 'ரா' போடுங்கள். துபியெரொன், துபியேரா. ஃபுவெரொன், ஃபுவேரா. விதிவிலக்கே கிடையாது.

உங்களுக்கு எப்படிப் பழகியது? எழுதுங்கள்.

மாட்ரிடிலிருந்து

அக்கா, முக்காலி விஷயத்தைப் படித்ததும் எனக்கு என் காப்பி நினைவுக்கு வந்தது. நான் மாட்ரிடுக்கு வந்த புதிதில், மரியாதையாகப் பேச வேண்டும் என்ற நினைப்பில், தெருமுனை பாரில் "போத்ரீயா போனெர்மே உன் கஃபே கொன் லேச்சே, போர் ஃபவோர்?" என்று கேட்பேன். ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். ஆனால் பக்கத்தில் நிற்கும் தாத்தா வந்தவுடன் "போன்மே உன் கஃபே" என்பார், ஒரு காப்பி போடு என்று. அவருக்கு முதலில் வரும், சிரிப்போடும் வரும். எனக்கு விறைப்பாக 'உஸ்தெத்' (நீங்கள்) போட்டுப் பதில் வரும். நம் ஊர் டீக்கடையில் போய் "தாங்கள் ஒரு தேநீர் அளிக்க இயலுமா" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கிறது. இப்போது "மே போனெஸ் உன் கஃபே?" என்று நிகழ்காலத்தில் கேட்கிறேன், தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே வரவேற்பு.

வேலைக்கு விண்ணப்பம், வங்கி, அரசு அலுவலகம் என்றால் மே குஸ்தாரீயா (எனக்கு விருப்பம்), போத்ரீயா (முடியுமா) இல்லாமல் நடக்காது. அங்கே தயங்காமல் போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'யோ கே து'. வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டுப் படத்தைக் காட்டியபோது அலுவலக நண்பர், "யோ கே து, நோ லோ அல்கிலாரீயா" என்றார். முதலில் ஒன்றும் புரியவில்லை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நான் என்ன நீ' மாதிரி ஏதோ வருகிறது. அப்புறம்தான் பிடிபட்டது: நானா இருந்தா அதை எடுக்க மாட்டேன். அதே பேச்சு, அதே உரிமை. படத்தில் நான் கவனிக்காமல் விட்டிருந்த சுவர் ஈரத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். வீட்டை எடுக்கவில்லை.

மெக்சிகோவிலிருந்து

நான் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் பாடப்புத்தகத்தில் கண்டிஷனலைத் தேடினால் அந்தப் பெயரே இல்லை. இங்கே பள்ளிகளில் 'போஸ்பிரெத்தேரிதோ' என்கிறார்கள், இறந்தகாலத்துக்குப் பிந்தியது என்று பொருள். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெல்யோ 1847இல் வெளியிட்ட இலக்கண நூலில் வைத்த பெயர் அது. பெயரே பாடம் நடத்துகிறது. 'வருவதாகச் சொன்னார்' என்பதில் சொன்னது முடிந்துபோனது, வருவது அதற்குப் பிந்தியது. அதனால் 'திஹோ கே பெந்த்ரீயா'. நாம் 'வருவேன்னு சொன்னார்' என்று அவர் சொன்னதை அப்படியே வைத்துவிடுவதால் எனக்கு எப்போதும் 'பெந்த்ரா' என்றுதான் வாயில் வரும். குழாய் ரிப்பேர்காரர் வரவில்லை என்று புகார் சொல்வதற்காக வீட்டுக்காரரிடம் "திஹோ கே பெந்த்ரா" என்றேன். "சரி, அப்போ வருவார், காத்திருங்க" என்று போனை வைத்துவிட்டார். பெந்த்ரீயா என்று சொல்லியிருந்தால், சொன்னார் ஆனால் காணோம் என்ற குறை அதிலேயே கேட்டிருக்கும்.

செய்தித்தாளில் இன்னொன்று பார்த்தேன். 'எல் கோபெர்னதோர் அப்ரீயா ரெனுன்சியாதோ' என்று ஒரு தலைப்பு. கவர்னர் ராஜினாமா செய்திருப்பார் என்று படித்துவிட்டு, எது நடந்திருந்தால் என்று செய்தி முழுவதும் தேடினேன். 'சி' எங்குமே இல்லை. அது வதந்திக்கான கண்டிஷனல்: ராஜினாமா செய்துவிட்டாராம். அந்த 'ஆம்' விகுதி நம்மிடம் இருக்கும்போது இதை 'வுட்' வைத்துப் புரிந்துகொள்ள முயன்றது வீண் வேலை. ஸ்பெயினின் எல் பாயிஸ் நாளிதழ் தன் நடைக் கையேட்டில் இந்த வழக்கை விலக்கச் சொல்கிறது. உறுதியாகத் தெரிந்ததை எழுத வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வாசகனாக எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

வலென்சியாவிலிருந்து

எல்லாம் சரி, 'விரும்பினேன்' என்ற கெரீயாவையும் 'விரும்புவேன்' என்ற கெறீயாவையும் காதால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது.

பில்பாவோவிலிருந்து மீண்டும்

நீங்கள் தமிழில் எழுதியபடியே படியுங்கள், விடை அதில் இருக்கிறது! முதலாவதில் ர, இரண்டாவதில் ற. எங்கள் நாகர்கோவில் பக்கம் ற இன்னும் உருளும். ஆச்சி 'கறி' என்று சொன்னால் கரி என்று யாரும் நினைக்க முடியாது. அவர் குரலை நினைத்துக்கொண்டு நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இரண்டு மூன்று தடவை அதிரவிட்டுப் பாருங்கள். முதலில் வாய்க்கு வர வேண்டும், காது பின்னால் வரும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஒரு வாரம் இதைப் பழகிவிட்டு அமாமாவிடம் "கெறீயா உன் போகோ மாஸ் தே சோபா" என்று இன்னும் கொஞ்சம் சூப் கேட்டேன். ற நன்றாக உருண்டது. அவர் கரண்டியை எடுத்து நிறைய ஊற்றிவிட்டு, "நன்றாகச் சொன்னாய். ஆனால் நானாக இருந்தால் கிசியேரா (அதே வினையின் துபியேரா போன்ற வடிவம்) என்றுதான் கேட்பேன்" என்றார்.